பழமும் தயிரும் பனிக்கட்டியும்

(மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவி)

ஆண்டு மலருக்குத் துறையின் சார்பில் ஒரு கட்டுரை வேண்டும் என்று பேராசிரியர் கேட்டபோது, அணுவைப் பற்றி எழுதுவதா, விண்வெளியைப் பற்றி எழுதுவதா என்று மூன்று நாள் யோசித்தேன். இரண்டையும் பற்றி எனக்குத் தெரிந்தவை பாடப்புத்தகத்தில் இருப்பவை மட்டுமே. எனவே எங்கள் வீட்டு அடுக்களையில் நடந்த ஒன்றையே எழுதுவது என்று முடிவு செய்தேன். "இது சமையல் குறிப்பா, அறிவியல் கட்டுரையா?" என்று தோழியர் சிரிக்கலாம். படித்து முடித்த பிறகு சிரித்தால் எனக்கு வருத்தமில்லை.

குச்சி ஐஸும் காய்ச்சலும்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு மணியோசை கேட்கும். ஐஸ் வண்டி! சிவப்பிலும் ஆரஞ்சிலும் பச்சையிலும் குச்சி ஐஸ்கள். நாங்கள் எல்லோரும் அதைச் சுவைத்து வளர்ந்தவர்கள்தாம். என் தம்பிக்கு அதன்மீது ஒரு தனிப் பித்து. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முந்திய வாரங்களில், 'படித்த களைப்புக்கு' என்று சொல்லி நாள்தோறும் ஒன்று வாங்கித் தின்பான்.

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மாலையில் ஏறும், காலையில் சற்று இறங்கும், மறுநாள் அதைவிட மேலே ஏறும். இரத்தப் பரிசோதனை செய்து, 'டைபாய்டு' என்று சொல்லிவிட்டார் மருத்துவர். நுழைவுச்சீட்டு மேசைமேல் இருந்தது. தம்பி மருத்துவமனைக் கட்டிலில் இருந்தான். மூன்று தாள்களை அவனால் எழுத முடியவில்லை. அவன் அழுது நான் பார்த்ததில்லை. அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதான்.

நோய் எங்கிருந்து தொற்றியது என்று மருத்துவரால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. டைபாய்டுக் கிருமி உடலுக்குள் புகுந்து ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்தே பெரும்பாலும் காய்ச்சலாக வெளிப்படும். அந்த மூன்று வாரங்களில் குடித்த தண்ணீர், தின்ற பண்டம் எதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் அம்மாவுக்கு ஐயமே இல்லை. "அந்தப் பாழாப்போன ஐசுதான்! இனி இந்த வீட்டுக்குள்ள ஐசுன்னு பேச்சு வரக்கூடாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சித்திரை முடிந்தது. உடல் தேறிய தம்பி, துணைத்தேர்வுக்காக மீண்டும் புத்தகத்தை எடுத்தான். வெயிலோ கொளுத்தியது. ஒருநாள் பிற்பகல் மணியோசை கேட்டுத் தலையை நிமிர்த்தியவன், என்னைப் பார்த்து மெல்லக் கேட்டான்: "ஏன்க்கா, ஐஸ்தான் அவ்வளவு குளிருதே, அதுல கிருமி எப்படி உயிரோட இருக்கும்? செத்துப் போயிடாதா?"

வேதியியல் படிப்பவள் நான். ஆனால் உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னை நூலகத்துக்கும் பின்னர் அடுக்களைக்கும் அனுப்பியது.

குளிர் கொல்லுமா?

கொல்லாது என்பதே விடை. கொதிக்கும் வெப்பம் கிருமியின் உடலிலுள்ள புரதங்களைச் சிதைத்துவிடும். முட்டை வெந்தபின் பச்சை முட்டையாகத் திரும்பாதது போல, அது திரும்பிவராத மாற்றம். குளிர் அப்படிப்பட்டதன்று. உறையும்போது கிருமிகளில் ஒரு பகுதி மடியும். எஞ்சியவை வளராமலும் பெருகாமலும் உறக்கத்தில் கிடக்கும். பனிக்கட்டி நம் வாயில் கரைந்து, வயிற்றின் இளஞ்சூட்டுக்கு வந்ததும் அவை விழித்துக்கொள்ளும். டைபாய்டுக் கிருமி பனிக்கட்டிக்குள் வாரக்கணக்கில் உயிரோடு இருக்க வல்லது. ஆகவே குளிர்ச்சிக்கும் தூய்மைக்கும் தொடர்பே இல்லை. எந்தத் தண்ணீரை உறைய வைத்தோமோ, அந்தத் தண்ணீரின் தன்மைதான் அந்த ஐஸின் தன்மை.

இதே உண்மைக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. தயிரில் உள்ள லாக்டோபாசில்லஸ் முதலிய நுண்ணுயிர்கள் பாலைத் தயிராக்கும் நல்லவை. தயிரை உறைய வைத்தால் அவையும் முற்றாக மடிவதில்லை. கணிசமானவை உறங்கிக் கிடந்து பின்னர் விழிக்கும். தீய கிருமியைக் காப்பாற்றும் குளிர், நல்ல நுண்ணுயிரையும் காப்பாற்றுகிறது! குளிருக்கு நல்லவர், தீயவர் என்ற வேறுபாடு தெரியாது. அதைத் தெரிந்து நடக்க வேண்டியவர்கள் நாம்தான்.

இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் கேட்டான்: "அப்படின்னா காய்ச்சின தண்ணியிலயும் தயிர்லயும் நாமே செஞ்சா தின்னலாம்தானே?" வழக்கு அம்மாவிடம் போயிற்று. மருத்துவர் எல்லா உணவும் உண்ணலாம் என்று சொல்லியிருந்ததால், "என் கண் முன்னால செய்யணும்" என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

கப்பலில் வந்த பனிக்கட்டி

செய்முறைக்குப் போகுமுன் சிறிது வரலாறு சொல்லிவிடுகிறேன். சென்னை மெரினா கடற்கரை எதிரே விவேகானந்தர் இல்லம் என்ற வட்டவடிவக் கட்டடத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1897-இல் விவேகானந்தர் தங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு, 1842-இல், பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காகவே அது கட்டப்பட்டது. பிரடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர், பாஸ்டன் நகரை அடுத்த ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடற்பயணம்! வழியில் உருகியது போக மீதி வந்தாலே இலாபம். செயற்கையாகப் பனிக்கட்டி செய்யும் இயந்திரங்கள் வந்தபின் அந்த வணிகம் மறைந்தது.

அதற்கும் மிக முன்பே நம் நாட்டில் குளிர்ச்சியை உண்டாக்க ஒரு வழி தெரிந்திருந்தது. அக்பரின் அவையில் இருந்த அபுல் பசல் எழுதிய அயினி அக்பரி என்னும் நூலில், வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அதற்குள் குடிநீர்க் குடுவையை வைத்துச் சுழற்றிக் குளிர்விக்கும் முறை குறிக்கப்பட்டுள்ளது. சில உப்புகள் கரையும்போது சுற்றிலுமிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் நீர் குளிரும். 1843-இல் நான்சி ஜான்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி, கையால் சுழற்றும் ஐஸ்கிரீம் வாளி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பனியும் உப்பும் நிரப்பிய மரவாளி, நடுவே ஒரு பாத்திரம், அதற்கு ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். மின்சாரம் இல்லாத வீட்டுக்கும் ஐஸ்கிரீம் வந்தது. எங்கள் வீட்டில் அப்போது குளிர்பதனப் பெட்டி இல்லை. எங்களுக்கு வழிகாட்டியதும் அந்த வாளிதான்.

ஆனால் முதல் முயற்சியைச் சித்தி வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில்தான் செய்தேன். அது படுதோல்வி.

உடைந்த புட்டியும் கல்லான தயிரும்

தயிரைத் தண்ணீர் விட்டுக் கடைந்து, கொஞ்சம் மாம்பழச் சாறும் சர்க்கரையும் கலந்து, ஒரு கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை ஊற்றி மூடி, பெட்டியின் உறைவறையில் வைத்தேன். மறுநாள் காலை புட்டி விரிசல் விட்டு இரண்டாகக் கிடந்தது. உள்ளே இருந்தது பாறை. "ஐஸ் கேட்டா கருங்கல்லு செஞ்சிருக்கியே!" என்றார் சித்தி. அதை அப்படியே குப்பையில் கொட்ட வேண்டியதாயிற்று. கண்ணாடிச் சில்லு கலந்ததை யார் தின்பது?

அந்தத் தோல்வியில் இரண்டு பாடங்கள் இருந்தன.

முதலாவது, நீர் உறையும்போது சுருங்குவதில்லை, விரிகிறது. பெரும்பாலான பொருள்கள் திண்மமாகும்போது சுருங்கும். நீரோ ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருமனில் கூடும். அந்த விரிவுக்கு இடம் கொடாத புட்டி உடையத்தான் செய்யும். ஆகவே கண்ணாடி ஆகாது. எந்தப் பாத்திரமானாலும் மேலே ஒரு விரற்கடை இடம் விட வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர் மிகுந்தால் கல்லாகும். வெறும் நீர் 0 டிகிரி செல்சியசில் முழுவதும் உறைந்துவிடும். அதில் ஏதேனும் ஒன்று கரைந்திருந்தால் உறைநிலை இறங்கும். இதைத்தான் நாம் வகுப்பில் 'உறைநிலைத் தாழ்வு' என்று படிக்கிறோம். பிரெஞ்சு நாட்டு வேதியியலார் ரவுல்ட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இதை விரிவாக ஆராய்ந்தார். ஒரு கிலோ நீரில் ஒரு மோல் சர்க்கரை, அதாவது 342 கிராம், கரைந்தால் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும்.

"இரண்டு டிகிரி கூட இல்லையே, இதனால் என்ன ஆகிவிடும்?" என்று நானும் நினைத்தேன். இங்கேதான் விந்தை இருக்கிறது. கலவை குளிரும்போது உறைவது நீர் மட்டுமே, சர்க்கரை உறைவதில்லை. முதலில் சிறிது நீர் படிகமாகப் பிரிந்து நிற்கும். மீதமுள்ள நீரில் சர்க்கரையின் செறிவு கூடும். செறிவு கூடியதால் அதன் உறைநிலை இன்னும் இறங்கும். மேலும் குளிர்ந்தால் மேலும் சிறிது நீர் பிரியும். பாகு மேலும் கெட்டியாகும். இப்படியே தொடர்ந்து, உறைவறையின் குளிரிலும் ஒரு பகுதி உறையாத பாகாகவே பனிப்படிகங்களுக்கு இடையே தங்கிவிடும். பல்லுக்கு மென்மையாக, நாவில் கரைவதாக இருப்பது அதனால்தான். சர்க்கரை இனிப்புக்கு மட்டுமன்று, மென்மைக்கும்தான். சர்க்கரையை மிகக் குறைத்தால் கல். மிகக் கூட்டினால் உறையவே உறையாத கூழ்.

இன்னொன்றும் உண்டு. குளிர்ந்த பண்டத்தில் நம் நாவுக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். எனவே கலவையைச் சுவைத்துப் பார்க்கும்போது 'சற்றுத் தித்திப்பு அதிகம்' என்று தோன்றும் அளவே சரியான அளவு.

உப்பு செய்யும் வேலை

இனி எங்கள் வீட்டு முறையைச் சொல்கிறேன். பனிக்கட்டியை மட்டும் சுற்றிலும் வைத்தால் பழக்கலவை உறையாது. ஏனெனில் உருகும் பனி 0 டிகிரியிலேயே நிற்கும். கலவையோ அதற்குக் கீழே போனால்தான் உறையும். பனிக்கட்டியில் உப்பைத் தூவினால் நிலைமை மாறுகிறது. உப்பு நீரில் கரைந்தால் சோடியம், குளோரைடு என்று இரண்டு அயனிகளாகப் பிரியும். மூலக்கூறு எடையும் சிறிது, 58.5 மட்டுமே. ஆகவே எடைக்கு எடை பார்த்தால், சர்க்கரையைப் போலப் பத்து மடங்குக்கும் மேலாக அது உறைநிலையை இறக்கும். அளவறிந்து சேர்த்த உப்பும் பனியும் கொண்ட கலவை −21 டிகிரி வரைகூட இறங்க வல்லது. வாளியில் அவ்வளவு கிடைக்காது. −10-க்குக் கீழே போனாலே நமக்குப் போதும்.

உப்பு தானாகக் குளிரை உண்டாக்குவதாக எண்ணிவிடக் கூடாது. உப்பு பனியை உருகச் செய்கிறது. உருகுவதற்கு ஒரு கிராம் பனிக்கு 80 கலோரி வெப்பம் தேவை. இதுவே உள்ளுறை வெப்பம். அந்த வெப்பத்தைப் பனி எங்கிருந்து பெறும்? அருகிலுள்ள பாத்திரத்திலிருந்து, அதாவது நம் பழக்கலவையிலிருந்து. பனி உருக, கலவை உறைகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை கிலோ கலவையை உறைய வைக்க ஏறத்தாழ அரை கிலோ பனி உருகினால் போதும். நாமோ மூன்று கிலோ வாங்குகிறோம். மீதியை அறையின் வெப்பம் தின்றுவிடுகிறது! சாக்கு சுற்றுவது அந்தத் திருட்டைக் குறைக்கத்தான்.

தேவையானவை: மூன்று கிலோ பனிக்கட்டி, ஒரு கிலோ கல்லுப்பு, ஒரு வாளி, ஒரு சாக்கு, இறுக்கமான மூடியுள்ள ஒரு சிறு எவர்சில்வர் தூக்கு. பனிக்கட்டியைச் சாக்கில் வைத்துச் சுத்தியால் நெல்லிக்காய் அளவுக்கு உடைக்க வேண்டும். வாளியில் ஒரு அடுக்குப் பனி, ஒரு கைப்பிடி உப்பு, மீண்டும் பனி, மீண்டும் உப்பு என்று பாதி வாளி நிரப்பி, நடுவே தூக்கை வைத்துச் சுற்றிலும் மேலும் பனியும் உப்பும் இட வேண்டும். தூக்கின் மூடிக்கு நான்கு விரல் கீழேயே அடுக்கு நிற்கட்டும். எங்கள் இரண்டாம் முயற்சியில் இதைக் கவனிக்காமல் உப்புநீர் உள்ளே இறங்கிவிட்டது. தம்பி ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு, "அக்கா, இது மாம்பழ ஐஸ் இல்ல, மாங்கா ஊறுகாய்" என்றான். நோய்க்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

தூக்கின் பிடியைப் பற்றி, வலமும் இடமுமாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் துடைத்துத் திறந்து, ஓரங்களில் உறைந்ததை மரக்கரண்டியால் சுரண்டி நடுவே தள்ளிக் கலக்க வேண்டும். ஏன் இந்த உழைப்பு? மெதுவாக, அசையாமல் உறையும் நீரில் படிகங்கள் சிலவே தோன்றிப் பெரிதாக வளரும். அது நாவில் மணல் போல் நெறுநெறுக்கும். விரைவாகக் குளிர்ந்து, இடையிடையே கலைக்கப்பட்டால் எண்ணற்ற சிறு படிகங்கள் தோன்றும். அது வெண்ணெய் போல் வழுக்கும். ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் கரண்டியில் நிற்கும் பதம் வந்துவிடும். தம்பி ஒரு கையால் தூக்கைத் திருப்பிக்கொண்டே, மறு கையில் சமூக அறிவியல் புத்தகத்தைப் பிடித்துப் படித்தான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஐஸ் கடையில் விற்கும் பெரிய பாளங்கள் மீனையும் பிற பொருள்களையும் குளிர்விக்கச் செய்யப்பட்டவை, உண்பதற்கானவை அல்ல. அவை தூக்குக்கு வெளியே மட்டுமே இருக்க வேண்டும். ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது. உப்பிட்ட பனியை வெறுங்கையால் அள்ளக் கூடாது, தோல் புண்ணாகும். வேலை முடிந்ததும் உப்புநீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது. எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக் கன்று இதற்குச் சாட்சி சொல்லும். இப்போது அது இல்லை.

தயிர் எப்படி இருக்க வேண்டும்?

பால் நன்கு பொங்கிக் காய்ந்ததாக இருக்க வேண்டும். இதில் சமரசம் இல்லை. ஆறிய பாலில், தூய கரண்டியால் உறைமோர் இட்டுத் தோய்த்து, புளிக்கும் முன்னரே எடுக்க வேண்டும். எருமைப் பால் தயிர் மிகச் சிறந்தது. கொழுப்பு மிகுதியாக இருப்பதால் படிகங்கள் பெரிதாக வளரவிடாமல் நடுவே நின்று தடுக்கும்.

தயிரில் பெரும்பகுதி நீரே. எனவே வெந்நீரில் அலசிய வெள்ளைத் துணியில் கட்டி, மூன்று நான்கு மணி நேரம் தொங்கவிட வேண்டும். ஏறக்குறையப் பாதியளவு நீராக வடிந்துவிடும். துணியில் நிற்பது வெண்ணெய் போன்ற கட்டித் தயிர். வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். அம்மா அதில் சப்பாத்தி மாவு பிசைவார். தயிரின் புளிப்பு பழத்தின் இனிப்பைத் தூக்கிக் காட்டும். பால் ஐஸில் இல்லாத அந்தப் புத்துணர்வுதான் தயிர் ஐஸின் சிறப்பு.

ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு குணம்

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழத்துக்குப் பஞ்சமில்லை. செந்தூரம், கிளிமூக்கு, மல்கோவா என்று வைகாசியில் தெருவெல்லாம் மணக்கும். விலை விழும் நாள்களில் கூடை கூடையாக அழுகியும் போகும். அப்படி வீணாகும் பழத்துக்கு இது ஒரு நல்ல வழி. நார் இல்லாத பழமாகப் பார்த்துக் கொள்ள வேண்டும். நார் இருந்தால் வடிகட்டலாம்.

தம்பி விரும்பிய அளவு இது: மாம்பழக் கூழ் 500 கிராம், வடித்த கட்டித் தயிர் 250 கிராம், சர்க்கரை 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, அரை எலுமிச்சம்பழச் சாறு. சர்க்கரையை ஒரு சிறு கரண்டி நீரில் கொதிக்கவைத்துப் பாகாக்கி ஆறவிட்டுச் சேர்த்தால் நெறுநெறுக்காது. அரசு தந்த விலையில்லா மிக்சிதான் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது; அதில் ஒரே சுற்று. இந்த அளவு தூக்குக்கு இரண்டு தடவைக்கு வரும். குளிர்பதனப் பெட்டி உள்ளவர்கள் சிறு எவர்சில்வர் தம்ளர்களில் முக்கால் பங்கு ஊற்றி, உறைவறையில் வைத்து, ஒன்றரை மணி நேரத்தில் ஒருமுறை கலக்கிவிட்டு, நடுவே வெந்நீரில் கழுவிய தேக்கரண்டி ஒன்றைச் செருகலாம். குச்சிக்குப் பதில் கரண்டி! ஐந்தாறு மணி நேரத்தில் உறைந்துவிடும். தம்ளரை ஒரு நொடி தண்ணீரில் முக்கி எடுத்தால் கழன்றுவரும்.

வாழைப்பழம் ஏழைகளின் ஐஸ்கிரீம் எனலாம். நன்கு கனிந்த பழத்தை வில்லைகளாக நறுக்கி, எலுமிச்சைச் சாறு தடவி உறைய வைத்து, பின் இரண்டு கரண்டித் தயிருடன் மிக்சியில் அடித்தால் சர்க்கரையே வேண்டாம். பழத்தின் பெக்டினும் இயற்கைச் சர்க்கரையும் சேர்ந்து அதை மெத்தென்று ஆக்கிவிடும். எலுமிச்சைச் சாறு பழம் கறுக்காமல் காக்கும். சப்போட்டாவும் இப்படியே. தர்ப்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் நீர். அது தனியே நின்றால் கல்லாகும். மாம்பழத்துடனோ வாழையுடனோ கலந்தால் நன்று.

அன்னாசியிடம் நான் ஏமாந்தேன். பச்சை அன்னாசியை அரைத்துத் தயிரில் கலந்து, உறைய வைக்குமுன் ஒரு மணி நேரம் மறந்துவிட்டேன். வந்து சுவைத்தால் ஒரே கசப்பு! காரணம் பிறகுதான் தெரிந்தது. அன்னாசியில் புரோமெலைன் என்னும் நொதி உள்ளது. அது தயிரின் புரதத்தை அறுத்துத் துண்டாக்கும். அந்தத் துண்டுகளில் சில கசக்கும். பப்பாளியிலும் பப்பாயின் என்ற நொதி இதே வேலையைச் செய்யும். பழத்துண்டுகளைச் சர்க்கரையுடன் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் நொதி செயலிழந்துவிடும், கசப்பும் வராது. கிருமியைக் கொல்லும் வெப்பமே நொதியையும் அடக்குகிறது.

மறக்கக் கூடாதவை

கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே தொடங்க வேண்டும். சேர்க்கும் தண்ணீர் குமிழியிட்டுக் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். பழத்தை வெட்டிய பிறகன்று, வெட்டுமுன் கழுவ வேண்டும். பாத்திரம், கரண்டி, துணி எல்லாம் வெந்நீர் கண்டிருக்க வேண்டும். கடைசியாக ஒன்று: உருகிப்போன ஐஸை மீண்டும் உறைய வைத்து உண்ணக் கூடாது. மின்சாரம் போய் நெடுநேரம் உருகிக் கிடந்தால், உறங்கிய கிருமிகள் விழித்துப் பெருகியிருக்கும். திரும்ப உறைய வைத்தால் பெருகிய கூட்டம் அப்படியே மீண்டும் உறங்கும், அவ்வளவுதான். வீட்டில் செய்வது என்பதாலேயே ஒன்று தூயதாகிவிடாது. அசுத்தமான கையால் வீட்டில் செய்த ஐஸும் தெருவில் விற்கும் ஐஸும் ஒன்றே.

ஐஸ்காரரிடம் ஒருநாள் நான் பேசிப் பார்த்தேன். கோபத்தோடுதான் போனேன். "எந்தத் தண்ணியில செய்யறாங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் காலையில வாங்கி சாயங்காலத்துக்குள்ள விக்கிறவன். என் பேரப்பிள்ளைங்களும் இதைத்தான் திங்குது" என்றார் அந்தப் பெரியவர். என் கோபம் தணிந்துவிட்டது. தெரியாமை அவரிடம் மட்டுமா இருந்தது? பாடத்தில் மதிப்பெண் வாங்கிய என்னிடமும்தானே இருந்தது! உறைநிலைத் தாழ்வைக் கரும்பலகையில் எழுதிக் காட்டத் தெரிந்த எனக்கு, குளிர் கிருமியைக் கொல்லாது என்று தம்பியிடம் முன்பே சொல்லத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் அவன் அந்த மூன்று தாள்களையும் உரிய நாளிலேயே எழுதியிருப்பானோ என்னவோ. அவருக்கு நான் குளிரைப் பற்றி அறிந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இப்போது இந்த மலரில் உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

தம்பி துணைத்தேர்வில் தேறிவிட்டான்; இப்போது பதினோராம் வகுப்பு படிக்கிறான். முடிவு வந்த அன்று மாலை தூக்கும் வாளியும் மீண்டும் வெளியே வந்தன. இந்த முறை பனியை உடைத்தது அம்மா! "ஐசுன்னு பேச்சு வரக்கூடாது" என்ற பழைய தீர்ப்பை யாரும் நினைவூட்டவில்லை. முதல் கரண்டியை நான் தம்பியிடம் நீட்டினேன். அவன் வாங்குமுன் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்:

"தண்ணி காய்ச்சினதுதானேக்கா?"

காய்ச்சியதுதான். தோழர்களே, நீங்களும் செய்து பாருங்கள். ஆனால் வாயில் வைக்குமுன் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்க மறவாதீர்கள்.